ஈரான் எண்ணெய், அமெரிக்கத் தடை: டெல்லிக்கு எத்தனை வழிகள் இருந்தன?

2018 மே மாதக் கடைசியில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் செய்தியாளர்களிடம் பளிச்சென்று சொன்னார்: இந்தியா ஐ.நா. விதிக்கும் தடைகளைத்தான் ஏற்கும், தனியொரு நாடு விதிக்கும் தடைகளை ஏற்காது என்று. அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை, 2019 மே மாதத்தில், அமெரிக்கத் தடையால், ஈரானிலிருந்து வந்துகொண்டிருந்த கச்சா எண்ணெய் அடியோடு நின்றுபோனது. 2018-19 நிதியாண்டில் 2.3 கோடி டன்னுக்கு மேல் அங்கிருந்து வாங்கிய நாடு நாம்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிதான். ஒரு கட்சி, 'அமெரிக்காவின் காலில் விழுந்துவிட்டோம்' என்று கொதிக்கும். இன்னொரு கட்சி, 'வேறு வழியே இல்லை, இதுதான் ராஜதந்திரம்' என்று சமாதானம் சொல்லும். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. வழிகள் இருந்தன. அவற்றில் சிலவற்றை நாமே 2012-ல் செய்து காட்டியிருக்கிறோம், சிலவற்றைச் சீனாவும் துருக்கியும் ஐரோப்பாவும் முயன்று பார்த்திருக்கின்றன, ஒன்றை இலங்கையும் செய்து பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் ஒவ்வொரு வழியிலும் மாறுகிறது. அதனால் வீரம், மானம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில், இந்தத் தடை எங்கே கடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பலர் நினைப்பதுபோல அமெரிக்கக் கடற்படை வந்து கப்பலை மறிப்பதில்லை.

ஈரானின் கார்க் தீவில் எண்ணெயை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது, அங்கிருந்து எண்ணெய் குழாய் வழியே மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதலில் பணம் கட்ட வேண்டும். எண்ணெய் விலை டாலரில் இருப்பதால், வாங்குபவர் இந்தியாவிலும் விற்பவர் ஈரானிலும் இருந்தாலும், பணம் நியூயார்க்கில் உள்ள ஏதோ ஒரு வங்கிக் கணக்கைத் தொட்டுவிட்டுத்தான் போகும், அந்த ஒரு நொடித் தொடுதலே அமெரிக்கச் சட்டத்துக்குப் போதும். சரி, யூரோவில் கட்டலாம் என்றால், அந்த ஐரோப்பிய வங்கிக்கும் அமெரிக்காவில் கிளை இருக்கும், அது பயப்படும். 2014-ல் சூடான், ஈரான், கியூபா ஆகியவற்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்ததற்காக பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி சுமார் 890 கோடி டாலர் அபராதம் கட்டியது, அதைப் பார்த்த பிறகு எந்த வங்கி மேலாளருக்குத் துணிச்சல் வரும்?

பணப் பிரச்சினை தீர்ந்தது என்றே வைத்துக்கொண்டாலும் கப்பலுக்குக் காப்பீடு வேண்டும். நடுக்கடலில் எண்ணெய் கொட்டினால் இழப்பீடு கட்ட வழக்கமாக 100 கோடி டாலர் வரைக்கும் காப்பு இருக்கும், அதைத் தருபவை பெரும்பாலும் லண்டனைச் சுற்றியுள்ள கப்பல் உரிமையாளர் சங்கங்கள். 2012 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதையும் நிறுத்தியது. கப்பலும் வந்துவிட்டது, எண்ணெயும் ஆலைக்குள் போய்விட்டது என்றால்? ஆலைக்கும் காப்பீடு வேண்டுமே! நம் ஊர்க் காப்பீட்டு நிறுவனம் ஐரோப்பாவில் மறுகாப்பீடு, அதாவது தனக்கே ஒரு காப்பீடு, வாங்கியிருக்கும், அந்த ஒப்பந்தத்தில் 'ஈரான் எண்ணெயைக் காய்ச்சும் ஆலைக்குப் பொறுப்பில்லை' என்று ஒரு வரி இருக்கும். 2013-ல் மங்களூர் ஆலை சில மாதங்கள் ஈரான் எண்ணெயை நிறுத்தியது இதனால்தான். 2018-ல் மணலி ஆலைக்கும் இதே சிக்கல் வந்தது. இத்தனைக்கும் மணலி ஆலை 1965-ல் தொடங்கியபோதே ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் அதில் பங்குதாரர், இன்றைக்கும் அந்த ஆலையை நடத்தும் சென்னை பெட்ரோலியத்தில் 15.4 சதவீதப் பங்கு ஈரானிய நிறுவனம் ஒன்றிடம் இருக்கிறது. பங்குதாரரின் எண்ணெயைக் காய்ச்ச முடியாத நிலை!

ஆக, வெளியுறவு அமைச்சகத்தில் உட்கார்ந்து அமைச்சர் எடுக்கும் முடிவு ஒன்று இருக்கிறது, அதற்கு முன்பே ஒரு வங்கி அதிகாரியும் ஒரு காப்பீட்டு அதிகாரியும் எடுத்துவிடும் முடிவு இன்னொன்று இருக்கிறது. இரண்டாவதுதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளுக்குப் போவோம்.

நிறுத்திவிடுவது

இதுதான் ரொம்பச் சுலபம். 2019-ல் செய்தது இதைத்தான். சவூதி, இராக், அமீரகம், அமெரிக்கா என்று வேறு இடங்களில் வாங்கிச் சமாளித்தோம், பெட்ரோல் பங்க்கில் தட்டுப்பாடு எதுவும் வரவில்லை. அதனால்தான் பலருக்கு இதில் நஷ்டமே இல்லை என்ற எண்ணம்.

நஷ்டம் இருந்தது. ஈரான் 60 நாள் கடன் அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்தது, கப்பல் கூலியிலும் காப்பீட்டிலும் சலுகை கொடுத்தது. இன்னொரு பக்கம் நம் பாசுமதி அரிசியை அதிகமாக வாங்கிய நாடு ஈரான்தான், எண்ணெய் நின்றதும் அரிசிக்கான பணம் வரும் வழியும் அடைபட்டது, பஞ்சாப், ஹரியாணா ஏற்றுமதியாளர்கள் நிலுவைக்காக அலைந்தார்கள். ஈரானின் ஃபர்சாத்-பி எரிவாயு வயலின் கதை இன்னும் மோசம். 2008-ல் அதைக் கண்டுபிடித்ததே நம் அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ் தலைமையிலான கூட்டணி. தடைக்குப் பயந்து பேச்சுவார்த்தையை இழுத்துக்கொண்டே போனோம், விலையில் ஒத்துப்போகவில்லை, 2021-ல் ஈரான் அந்த வயலைத் தன் சொந்த நிறுவனமான பெட்ரோபார்ஸிடம் கொடுத்துவிட்டது. கண்டுபிடித்த சந்தோஷம் மட்டும் நமக்கு.

சரி, இவ்வளவு விட்டுக்கொடுத்ததற்கு என்ன கிடைத்தது? ஈரானில் இந்தியா எடுத்து நடத்திய சாபஹார் துறைமுகத்துக்கு அமெரிக்கா 2018-ல் தடையிலிருந்து தந்திருந்த விலக்கு தொடர்ந்தது, அதைக் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஜெய்ஷ்-இ-முகமது தலைவர் மசூத் அசார் ஐ.நா. பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2019 மே 1-ல், ஈரான் எண்ணெய்க்கான விலக்கு முடிந்தது மே 2-ல். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை, அசார் விஷயத்தில் இறங்கிவர வேண்டியிருந்தது சீனாதானே தவிர அமெரிக்கா இல்லை. ஆனால் உறுதியாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. எண்ணெயை நிறுத்தி ஐந்து வாரம் ஆவதற்குள், ஜூன் 5-ஆம் தேதி, வளரும் நாடுகளுக்கான வரிச் சலுகைப் பட்டியலிலிருந்து அமெரிக்கா இந்தியாவை நீக்கியது. சொன்னதைக் கேட்டால் தட்டிக்கொடுப்பார்கள் என்று நினைத்தவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம், நிறுத்துவதை ஒரு பேரத்தின் பகுதியாகச் செய்யாமல் சும்மா நிறுத்தினால் அது யார் கணக்கிலும் வரவாக ஏறாது.

விலக்கு வாங்குவது

2011 டிசம்பர் 31-ல் ஒபாமா கையெழுத்திட்ட பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வசதி இருந்தது. ஈரானிடம் வாங்கும் அளவைக் 'குறிப்பிடத்தக்க அளவு' குறைத்துக்கொண்டே வரும் நாட்டின் வங்கிகளுக்கு 180 நாள் விலக்கு, பிறகு மறுபடி பரிசீலனை. எவ்வளவு குறைத்தால் 'குறிப்பிடத்தக்க' என்று சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளிதான் பேரம் பேசுவதற்கான இடம். 2012 ஜூனில் இந்தியா, தென் கொரியா, துருக்கி, மலேசியா, தென்னாப்பிரிக்கா, தைவான், இலங்கை ஆகியவற்றுக்கு விலக்கு கிடைத்தது. இந்தியா வாங்கும் அளவு இரண்டே ஆண்டுகளில் சுமார் 1.8 கோடி டன்னிலிருந்து 1.1 கோடி டன்னாக இறங்கியது. இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. வெளியில் கௌரவம், உள்ளே கணக்கு என்று அப்போது டெல்லி நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது: 'அமெரிக்கா சொல்லிக் குறைக்கவில்லை, எங்கள் எண்ணெய் நிறுவனங்கள் வணிகக் காரணங்களுக்காகக் குறைக்கின்றன' என்று வாய் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனுக்கு எண்ணிக்கை கிடைத்தது, டெஹ்ரானுக்கு முகம் காட்ட ஒரு வார்த்தை கிடைத்தது.

2016-ல் நீங்கிய தடையை 2018-ல் மறுபடி கொண்டுவந்த டிரம்ப் நிர்வாகமும் அந்த நவம்பரில் எட்டு நாடுகளுக்கு விலக்கு தந்தது. நமக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பீப்பாய். ஆனால் இது 2012-ஐப் போன்ற விலக்கு இல்லை. அப்போது 'குறை, தொடர்ந்து வாங்கு' என்பது கொள்கை, இப்போது 'ஆறு மாதத்துக்குள் வேறு கடை பார்த்துக்கொள்' என்பது கொள்கை. 2019 ஏப்ரல் 22-ல் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பாம்பியோ விலக்கு நீடிக்காது என்று அறிவித்தபோது இங்கே மக்களவைத் தேர்தல் பாதி நடந்துகொண்டிருந்தது. மே நடுவில் ஈரான் வெளியுறவு அமைச்சர் ஜரீஃப் டெல்லிக்கே வந்தார், தேர்தல் முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் ஜூன் மாதச் சரக்குக்கான ஆர்டர்களை எண்ணெய் நிறுவனங்கள் வேறு இடத்தில் கொடுத்தாகிவிட்டது.

விலக்கின் குறை இதுதான்: கொடுத்தவர் கையிலேயே சாவி இருக்கிறது. சாபஹாரைப் பாருங்கள். 2024 மே 13-ல் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டோம், 12 கோடி டாலர் முதலீடு, அதற்கு மேல் 25 கோடி டாலர் கடன் வசதி என்று பேச்சு. 2025 செப்டம்பர் 29 முதல் விலக்கு ரத்து என்று அமெரிக்கா அறிவித்தது, ஒரு மாதம் கழித்து ஆறு மாதத்துக்கு மறுபடி தந்தது. பத்தாண்டு ஒப்பந்தத்தை ஆறு மாத அனுமதியின் மேல் நிற்க வைத்தால் கிரேன் வாங்குவதற்குக்கூட யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

ரூபாயில் கட்டுவது

எனக்கு இருப்பதிலேயே சுவாரசியமான வழி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆரம்பத்தில் ஈரானுக்கான பணம், ஆசிய நாடுகளின் மத்திய வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ஆசிய தீர்வு ஒன்றியம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் தலைமையகமே டெஹ்ரானில்தான். 2010 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, கிறிஸ்துமஸ் வாரத்தில், எண்ணெய்க்கான பணத்தை இனி அந்த வழியில் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் ஹாம்பர்க்கில் இருந்த ஐரோப்பிய-ஈரானிய வணிக வங்கி வழியே கொஞ்ச நாள் ஓடியது, அதை ஜெர்மனி மூடியது. அப்புறம் துருக்கியின் ஹால்க் வங்கி. கதவு ஒவ்வொன்றாக அடைபட, 2012-ல் கொல்கத்தாவைத் தலைமையகமாகக் கொண்ட யூகோ வங்கியில் ரூபாய்க் கணக்கு திறந்தார்கள். ஏன் யூகோ? அமெரிக்காவில் அதற்குக் கிளை கிடையாது, இழப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஸ்டேட் வங்கியை இதில் இறக்கியிருந்தால் அதன் நியூயார்க் கிளை கதி என்னவாகியிருக்கும்? பெரிய வங்கியாக இல்லாததே இங்கே தகுதியாகிவிட்டது.

எண்ணெய் விலையில் 45 சதவீதம் ரூபாயில், மிச்சம் 55 சதவீதம் வேறு நாணயத்தில் என்பது ஏற்பாடு. ரூபாயில் கட்டினால் ஈரானிய நிறுவனத்துக்கு இங்கே வருமான வரி விழும் என்ற சிக்கல் வந்தது, அதற்காக வருமான வரிச் சட்டத்தின் பத்தாவது பிரிவிலேயே ஒரு உட்பிரிவைச் சேர்த்து விலக்கு கொடுத்தார்கள். காப்பீட்டுக்கு, சென்னையில் தலைமையகம் உள்ள யுனைடெட் இந்தியா போன்ற அரசு நிறுவனங்கள் ஒரு பயணத்துக்கு 5 கோடி டாலர் வரை காப்பு தந்தன. 100 கோடி டாலர் காப்பு இருக்க வேண்டிய இடத்தில் 5 கோடி. விபத்து நடந்திருந்தால் மிச்சத்தை யார் தலையில் கட்டியிருப்பார்கள் என்று கேட்டால் அரசு தலையில்தான், அதாவது நம் தலையில். நடக்கவில்லை, தப்பித்தோம். ஆனால் பாருங்கள், வங்கி, வரி, காப்பீடு என்று நான்கைந்து துறைகள் ஒரே திசையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கின்றன, நம் அரசாங்கத்தில் இது அடிக்கடி நடக்கும் விஷயமா?

2013 பிப்ரவரியில் அமெரிக்கா விதியை இன்னும் இறுக்கியது: ஈரானுக்குரிய பணம் வாங்கும் நாட்டின் கணக்கிலேயே கிடக்க வேண்டும், அங்கேயே சரக்கு வாங்கத்தான் செலவழிக்கலாம். துருக்கி வழி மூடியது. 55 சதவீதப் பங்கு கட்டவே முடியாமல் குவிந்து, 2016-ல் தடை நீங்கியபோது சுமார் 640 கோடி டாலர் நிலுவை நின்றது. ரூபாய்ப் பங்கு மட்டும் தங்குதடையில்லாமல் ஓடியது, ஏனென்றால் அமெரிக்கா புதிதாகப் போட்ட விதிக்கு அது ஏற்கெனவே பொருந்திவிட்டது.

இந்த வழியின் வரம்பு எங்கே என்றால், விற்பவர் ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்பதில். 2018-19-ல் நாம் ஈரானிடம் வாங்கியது சுமார் 1,350 கோடி டாலருக்கு, விற்றது சுமார் 350 கோடிக்கு. பாசுமதி, தேயிலை, சோயாப் புண்ணாக்கு, மருந்து எல்லாவற்றையும் வாங்கினாலும் ரூபாய் மிஞ்சும். எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாடு என்றாலும் எவ்வளவு அரிசிதான் சாப்பிடும்? ஐந்து வருடம் கழித்து ரஷ்யாவும் இதே சுவரில்தான் முட்டியது, 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், கோடி கோடியாக ரூபாய் இந்திய வங்கிகளில் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழி வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்புறம் அந்த வியாபாரம் பெரும்பாலும் அமீரகத்தின் திர்ஹாமுக்கு மாறியது.

இலங்கை இதன் இன்னொரு முனை. சப்புகஸ்கந்த ஆலை ஈரானின் இலகு எண்ணெய்க்கு ஏற்ப அமைந்தது, 2012 தடையில் பணம் அனுப்ப வழியில்லாமல் சுமார் 25 கோடி டாலர் கடன் நின்றது. 2021 டிசம்பரில் அதைத் தேயிலையாகத் தீர்ப்பது என்று ஒப்பந்தம் செய்தார்கள், மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலை. பழைய கடனை அடைக்க இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் புதிதாக எண்ணெய் வாங்க இதை வழியாக வைத்தால், ஒரே ஒரு கப்பல் எண்ணெய்க்கு எத்தனை மாதத் தேயிலை போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

மறைவாக வாங்குவது

சீனா செய்வது இது. 2019-க்குப் பிறகு ஈரானின் எண்ணெயில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது, மலேசியக் கடல் பக்கம் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, பெயரை மாற்றி, ஷாண்டோங் மாகாணத்தின் சின்னச் சின்னத் தனியார் ஆலைகளுக்கு. 'சீனாவால் முடிகிறது, நம்மால் ஏன் முடியாது?' என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்த ஆலைகளைத்தான். அவற்றுக்கு அமெரிக்காவில் வியாபாரம் இல்லை, டாலர் கடன்பத்திரம் இல்லை, தடைப் பட்டியலில் பெயர் வந்தால் அன்று மாலையும் டீ குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சீன அரசின் பெரிய நிறுவனங்கள் ஒதுங்கித்தான் நிற்கின்றன. 2019 செப்டம்பரில் சீன அரசின் கப்பல் நிறுவனமான காஸ்கோவின் துணை நிறுவனத்தைத் தடைப் பட்டியலில் போட்டபோது உலகம் முழுக்கக் கப்பல் கூலி எகிறியது, நாலு மாதத்தில் அமெரிக்காவே பெயரை எடுத்துவிட்டது.

நம்மிடம் அப்படிப்பட்ட சின்ன ஆலைகள் கிடையாது. இருப்பது இந்தியன் ஆயில், பாரத், ஹிந்துஸ்தான், மங்களூர், ரிலையன்ஸ். எல்லாமே வெளிநாட்டில் கடன் வாங்குபவை, ரிலையன்ஸ் அமெரிக்கச் சந்தையில் பொருள் விற்பது. பட்டியலில் பெயர் வந்தால் தாங்காது. துருக்கிக்கு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஹால்க் வங்கி வழியே தங்கமாக மாற்றி ஈரானுக்குப் பணம் போன கதையில், ரெசா சர்ராப் என்ற தங்க வியாபாரி 2016-ல் மயாமி விமான நிலையத்தில் மாட்டினார், வங்கியின் துணைப் பொது மேலாளர் 2018-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானார், 2019-ல் வங்கி மேலேயே வழக்கு. அது வருடக்கணக்கில் துருக்கி-அமெரிக்க உறவின் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. இந்த வழியை நான் ஒரு வரியில் தள்ளிவிடுவேன்.

சட்டம் போட்டுத் தடுப்பது

ஐரோப்பா செய்தது. அமெரிக்கத் தடைக்குக் கீழ்ப்படியக் கூடாது என்று தங்கள் நிறுவனங்களுக்குக் கட்டளையிடும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018 ஆகஸ்டில் தூசு தட்டி எடுத்தார்கள். அதே மாதத்தில் பிரான்சின் டோட்டல் நிறுவனம் ஈரானின் தென் பார்ஸ் எரிவாயுத் திட்டத்திலிருந்து வெளியேறியது. சட்டம் ஒரு பக்கம், டோட்டல் ஒரு பக்கம். பிறகு 2019 ஜனவரியில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி சேர்ந்து டாலரைத் தொடாத ஒரு பண்டமாற்று அமைப்பை, இன்ஸ்டெக்ஸ் என்ற பெயரில், உருவாக்கினார்கள். அதன் முதல் பரிமாற்றம் நடக்கவே 2020 மார்ச் ஆனது, அதுவும் மருத்துவப் பொருள். 2023-ல் கடையை மூடினார்கள். உலகின் இரண்டாவது பெரிய நாணயத்தை வைத்திருந்தவர்களின் கதி இது. இந்தியா இப்படி ஒரு சட்டம் போட வேண்டும் என்று அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள், அவர்களுக்கு டோட்டலின் கதையைச் சொன்னால் போதும்.

அப்படியானால் எது?

என்னைக் கேட்டால், 2012-ன் கலவைதான்: ரூபாய்க் கணக்கு ஒரு கையில், விலக்கு மறு கையில். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அரைகுறை. விலக்கு மட்டும் இருந்தால் அவர்கள் எடுக்கிற நாளில் நம்மிடம் ஒன்றுமில்லை. ரூபாய் மட்டும் இருந்தால் இறக்குமதியில் பாதிக்குக்கூடப் போதாது. ஆனால் இரண்டும் சேர்ந்தால் ஒன்று மற்றதைத் தாங்குகிறது. 'விலக்கு தராவிட்டாலும் இவர்கள் கொஞ்சமாவது வாங்கத்தான் போகிறார்கள், அதற்கான வங்கியும் காப்பீடும் தயாராக இருக்கிறது' என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தால், விலக்கு தந்து அளவைக் கட்டுப்படுத்துவதே அவருக்கும் லாபம். யூகோ வங்கிக் கணக்கின் மதிப்பு அதில் ஓடிய பணத்தில் மட்டும் இல்லை, பேச்சுவார்த்தை மேசையில் அது கொடுத்த கனத்தில் இருந்தது.

2019-லும் யூகோ கணக்கு இருந்ததே, ஏன் பலிக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வங்கி இருந்தது, காப்பீடு கைவிட்டது, முந்தைய அக்டோபருக்குள்ளேயே சில ஆலைகள் பின்வாங்கத் தொடங்கிவிட்டன, ரிலையன்ஸ் ஏற்கெனவே ஒதுங்கியிருந்தது. அதைவிட முக்கியம், எதிரில் இருந்த டிரம்ப் 180 நாள் சட்டத்தைப் படித்துப் பேரம் பேசுகிறவர் இல்லை. 'உச்சபட்ச அழுத்தம்' என்று பெயர் வைத்து, ஏற்றுமதியைப் பூஜ்யமாக்குவேன் என்று அறிவித்துவிட்டு வந்தவர். அவரிடம் 'கொஞ்சம் குறைக்கிறேன்' என்பதற்கு மதிப்பே இல்லை. ஆனாலும் மாதம் ஒன்றோ இரண்டோ கப்பல் ரூபாயில் வந்துகொண்டிருக்கும்படி, அரசே மறுகாப்பீட்டுப் பொறுப்பை ஏற்று, ஒரு சின்னக் கோட்டை வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. பாசுமதிக்காரர்களின் பணத்துக்கு அது வழியாக இருந்திருக்கும், சாபஹார் பேச்சில் டெஹ்ரானிடம் ஒரு பிடி இருந்திருக்கும். அந்த அளவுக்குக்கூட அமெரிக்கா பொறுத்திருக்காது என்பவர்களோடு நான் ஓரளவு ஒத்துப்போகிறேன், ஆனால் கேட்டே பார்க்கவில்லையே என்பதுதான் ஆதங்கம்.

ரஷ்ய எண்ணெய் விஷயத்தில் டெல்லி இந்தப் பாடத்தைக் கொஞ்சம் கற்றிருந்தது. 2022-க்கு முன் நம் இறக்குமதியில் இரண்டு சதவீதம்கூட இல்லாத ரஷ்யா, இரண்டே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அங்கே தடையின் வடிவமே வேறு, 2022 டிசம்பரில் பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்சவரம்பு வைத்தவர்கள் எண்ணெய் சந்தைக்கு வர வேண்டும் என்றே விரும்பினார்கள், விலைதான் குறைய வேண்டும் என்றார்கள். அதனால் விலக்கு கேட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு 2025 ஆகஸ்ட் 27 வந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25 சதவீதம் சேர்த்து, இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்க வரி 50 சதவீதமானது. இது நான் மேலே போட்ட கணக்கையெல்லாம் கலைத்துவிடுகிற ஆயுதம். இதற்கு யூகோ வங்கி பதில் இல்லை, காப்பீடு பதில் இல்லை. எண்ணெயைப் பெருமளவு வாங்கியது குஜராத்தின் ஜாம்நகர், வடினார் ஆலைகள், அடி விழுந்தது திருப்பூரில். பின்னலாடை ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகும் ஊர் அது, ஒரு பீப்பாய் எண்ணெய் அங்கே யாரும் வாங்கவில்லை. அமெரிக்க வியாபாரிகள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், சிலர் வரியில் பாதியை நீ ஏற்றுக்கொள் என்றார்கள், சரக்கு பெட்டியில் கிடந்தது. மலிவு எண்ணெயின் லாபம் ஆலைகளின் கணக்கில் ஏறியது, அதன் செலவு கட்டிங் மாஸ்டரின் ஷிஃப்டில் கழிந்தது.

அக்டோபர் 22-ல் ரோஸ்நெஃப்ட், லூக்காயில் இரண்டையும் அமெரிக்கா நேரடியாகத் தடைப் பட்டியலில் போட்டதும் நடந்தது பழைய கதைதான். நாளொன்றுக்கு 5 லட்சம் பீப்பாய்க்கு ரோஸ்நெஃப்டோடு நீண்டகால ஒப்பந்தம் வைத்திருந்த ரிலையன்ஸ், ஏற்றுமதிக்கான ஜாம்நகர் ஆலைக்கு ரஷ்ய எண்ணெய் இறக்குவதை நவம்பர் 20 முதல் நிறுத்திவிட்டதாக அறிவித்தது. வெளியுறவு அமைச்சகமோ, மக்களின் எரிபொருள் தேவையே எங்கள் கொள்கை என்ற வழக்கமான வாசகத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் முரண்பாடு இல்லை, ஒன்று பேசுவதற்கு, மற்றது செய்வதற்கு.

இனி இப்படி ஒரு முடிவு வரும்போது, பெட்ரோலியமும் வெளியுறவும் மட்டும் உட்கார்ந்து பேசுகிற அறையில் ஜவுளி, இறால், தோல் ஏற்றுமதிக்காரர்களையும் உட்கார வைக்க வேண்டும், மலிவு எண்ணெயில் மிஞ்சுவதில் ஒரு பங்கை அவர்களுக்கான ஈடாக முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் 'தொடர்ந்து வாங்குவோம்' என்பது ஆலைக்காரர்களுக்கு மட்டும் சுலபமான முடிவு. செய்தபின் வாங்கினால், வாஷிங்டன் அடுத்த முறை வரியைக் காட்டும்போது குறைந்தது திருப்பூர் டெல்லியிடம் கெஞ்ச வேண்டியிருக்காது.